வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுக் கார் எது வந்தாலும் மைலேஜ், டிக்கி அளவு, டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று விலாவாரியாக எழுதுகிறீர்கள், சரி. ஆனால் அந்த வண்டியின் எஞ்சின் எந்த இடத்திலிருந்து மூச்சுக்காற்றை இழுக்கிறது என்று ஒரு வரி கூட வந்ததில்லை. ஒரு தடவை ஏமாந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பழைய பெட்ரோல் காரில் கம்பெனி வைத்திருந்த, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் கறுப்பு ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி இருக்குமே, அந்த ஓபன் ஃபில்டரை மாட்டினேன். காற்று தாராளமாகப் போகும், பிக்கப் எகிறும் என்றார் கடைக்காரர். சத்தம் எகிறியது. அந்த உறுமலைக் கேட்டே வேகம் கூடிவிட்டதாக ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் மே மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு காட்பாடி நெரிசலில் ஊர்ந்தபோது, பாலம் ஏற வண்டி திணறியது. என் அக்கா மகன், வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி போனில் காட்டினான்: வெளியே 39 டிகிரி, எஞ்சின் இழுக்கும் காற்றோ 67 டிகிரி!

கழற்றிப் போட்ட டப்பாவிலிருந்து ஒரு குழாய் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னே போய் வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்தது. நான் மாட்டிய கூம்பு பானெட்டுக்குள்ளேயே, ரேடியேட்டர் ஊதித் தள்ளும் அனலில் உட்கார்ந்திருந்தது. காற்று சூடானால் விரியும், அதே சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறையும். ஏறக்குறைய 3 டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், என் கணக்கில் 8 சதவீதத்துக்கு மேல் போச்சு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பதால், காற்று குறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். போதாததற்கு, சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வந்துவிடக் கூடாதென்று ஸ்பார்க்கையும் தாமதப்படுத்தும், அதிலும் இழுவை குறையும். பைபாஸில் 80-இல் போகும்போது எதிர்க்காற்று அனலை அடித்துக்கொண்டு போய்விடுவதால் இது தெரியாது, சிக்னலில்தான் சாயம் வெளுக்கும்.

அதற்காகக் குளிர்ந்த காற்று கிடைத்தால் மைலேஜும் கூடும் என்று யாராவது விற்க வந்தால் அதையும் நம்ப வேண்டாம். மெதுவாக ஓட்டும்போது நீங்கள் பெடலை மிதிக்கும் அளவுக்குத்தான் காற்று போகும், மைலேஜில் பெரிதாக ஒன்றும் மாறாது. குளிர் மட்டும் போதுமென்றால் ஊட்டியில் எல்லா வண்டியும் பறக்க வேண்டும், ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்து கிடப்பதால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத வண்டிகள் முனகிக்கொண்டுதான் ஏறுகின்றன.

இதைவிட மோசமான வேலை ஒன்று நடக்கிறது. குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயை இறக்கி, ஃபில்டரை பம்பருக்குள் ஒளித்து வைக்கிறார்கள். கோடையில் நன்றாகத்தான் இருக்கும். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரில் அந்த வண்டி போனால் என்ன ஆகும்? குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட் வளையும். ஒரு டம்ளர் தண்ணீர் கூட வேண்டியதில்லை. நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கதை முடிந்தது. இன்ஷூரன்ஸிலும் எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய, பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு என்று பெரும்பாலான கம்பெனிகள் அச்சடித்துத் தருகின்றன. ஆனால் அது வண்டியின் வயிறு தரையில் இடிக்குமா என்பதை மட்டும்தான் சொல்லும். எஞ்சின் மூழ்குமா என்பதை முடிவு செய்வது காற்றுக் குழாயின் வாய் இருக்கும் உயரம். மஹிந்திரா தார் மாதிரி சில ஜீப் வகைகளுக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்று போடுகிறார்கள். தண்ணீர் தேங்கும் தெருவில் அன்றாடம் ஓடும் சின்னக் காருக்கு அந்த எண் எங்கே? கம்பெனிகள் சொல்லாவிட்டால் போகட்டும், அடுத்த முறை புதுக் காரை ஓட்டிப் பார்க்கப் போகும் உங்கள் நிருபர் பானெட்டைத் திறந்து, கையோடு ஒரு டேப் வைத்து அளந்து போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி