மின்சாதன ஏற்றுமதிக்கான பாதுகாப்புச் சோதனை கொழும்பிலேயே நடைபெற வழிசெய்யுமாறு கோரும் மனு

மட்டக்குளி,
கொழும்பு 15.

தலைவர் அவர்கள்,
இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை,
நவம் மாவத்தை,
கொழும்பு 02.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

சிறு உற்பத்தியாளர்களின் மின்சாதனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழ் தொடர்பானது

நான் மட்டக்குளியில் 2003 ஆம் ஆண்டு முதல் சிறிய மின்சாதன உற்பத்திச்சாலை ஒன்றை நடத்தி வருகிறேன். 13 அம்பியர் செருகிகள், குதைகள், கடைகளில் மல்டி பிளக் என்று கேட்டு வாங்கப்படும் நீட்டிப்புப் பலகைகள், எல்.ஈ.டி. விளக்குக் கூடுகள் ஆகியவற்றைச் செய்கிறோம். முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வத்தளைப் பகுதிகளிலிருந்து வரும் பெண்கள். எங்கள் பொருட்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் நன்கு விலைபோகின்றன. கடல் கடந்து விற்பதற்கு எடுத்த முயற்சிகளில் மட்டும் இரு முறை தோற்றிருக்கிறேன். அவ்விரு முறையும் எங்களுக்கு இடறிய இடம் பொருளின் பாதுகாப்பை வாங்கும் நாடு ஏற்கும் வடிவில் நிரூபிப்பதே ஆகும். அந்த நிரூபணத்துக்கான சோதனை வசதியை இந்த நகரத்திலேயே ஏற்படுத்தித் தருமாறு கேட்டே இம்மனுவை எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் பல காலமாக 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் 13 அம்பியர் சதுரமுனைச் செருகிகளும் கலந்தே புழங்கி வந்தன என்பது தாங்கள் அறிந்ததே. ஒன்றை மற்றொன்றில் பொருத்துவதற்கு வாங்கிய தரமற்ற இடைச்செருகிகளால் சூடேறிக் கருகிய சுவர்களை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் கண்டிருப்பர். 2016 ஆம் ஆண்டில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஜி வகை எனப்படும் 13 அம்பியர் செருகியையும் குதையையும் நாட்டின் ஒரே நியமமாக்க முன்வந்தபோது, அச்சுகளை மாற்றுவதற்கு எனக்குப் பெரும் செலவு ஏற்பட்டது. ஆயினும் அது சரியான முடிவு என்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். அதனால் விளைந்த இன்னொரு நன்மையைப் பலர் கவனிக்கவில்லை. இதே செருகிதான் பிரித்தானியாவிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், ஐக்கிய அரபு அமீரகத்திலும் சுவர்களில் ஏறுகிறது. 1947 இல் முதன்முதலாக வெளியான பி.எஸ். 1363 என்னும் பிரித்தானிய நியமமே இவை எல்லாவற்றுக்கும் தாய். ஆகவே உள்நாட்டுச் சந்தைக்காக நாங்கள் செய்யும் பொருளே, வடிவத்தில் எதுவும் மாறாமல், ஏற்றுமதிக்குரிய பொருளாகவும் இருக்கிறது. இத்தகைய வாய்ப்பு எல்லா நாட்டுக்கும் அமைவதில்லை.

இலண்டனில் மின்பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், எங்கள் நீட்டிப்புப் பலகையைக் கொழும்பில் பார்த்துவிட்டு, ஒரு கொள்கலன் அளவுக்குக் கட்டளை தர விரும்பினார். அவர் முதலில் கேட்டது விலையை அன்று, சான்றிதழை. பிரித்தானியாவில் 1994 ஆம் ஆண்டின் செருகிகள், குதைகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, வீட்டுப் பாவனைக்கான 13 அம்பியர் செருகியை அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றின் ஒப்புதல் இன்றி விற்க முடியாது. அந்த ஒப்புதலைப் பெற வேண்டுமானால், பொருளின் மாதிரிகள் பி.எஸ். 1363 இல் அப்பொருளுக்குரிய பிரிவுகளின் கீழ் சோதிக்கப்பட வேண்டும். அந்நாட்டு ஒப்புதல் அமைப்பு ஏற்கக்கூடிய சோதனை அறிக்கையை எங்களால் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்தே பெற முடிந்தது. மாதிரிகளை விமானத்தில் அனுப்பி, கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தி, வரிசையில் காத்திருந்தோம். ஐந்து மாதங்களின் பின்னர் இரண்டு வரிப் பதில் வந்தது. ஒளிர்கம்பிச் சோதனையில் மாதிரி தேறவில்லை என்பதே அப்பதில்.

அந்தச் சோதனை என்னவென்பதைச் சற்று விரிவாகக் கூற அனுமதிக்குமாறு வேண்டுகிறேன், ஏனெனில் எனது கோரிக்கையின் உயிர் அதில்தான் இருக்கிறது. மின் கடத்தியைத் தாங்கி நிற்கும் பிளாஸ்ரிக் பகுதியின்மீது, குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கப்பட்ட ஒரு கம்பி வளையத்தை முப்பது வினாடிகள் அழுத்திப் பிடிக்கிறார்கள். பி.எஸ். 1363 இல் மின்னோட்டம் செல்லும் பாகங்களுடன் தொடர்புள்ள பகுதிகளுக்கு அந்த வெப்பநிலை 750 பாகை செல்சியஸ். கம்பியை எடுத்த பின் முப்பது வினாடிகளுக்குள் சுவாலை அணைந்துவிட வேண்டும். கீழே விரித்திருக்கும் மெல்லிய தாளில் எரிதுளி விழுந்து அது பற்றிக்கொள்ளவும் கூடாது. ஒரு வீட்டில் தளர்ந்த திருகாணி ஒன்று சூடேறிச் சிவக்கும்போது பலகை தானாக அணையுமா, அல்லது திரைச்சீலைக்குத் தீயைக் கடத்துமா என்ற கேள்விக்குத்தான் இச்சோதனை விடை தருகிறது. எங்கள் மாதிரி ஏன் தேறவில்லை என்று நாங்களே தேடிப் பார்த்தபோது, அம்மாதிரியைச் செய்த மாதத்தில் வந்த, உருக்கி அச்சில் வார்க்கும் பிளாஸ்ரிக் மணிகளின் ஒரு தொகுதியில் தீத்தடுப்புச் சேர்மானம் போதுமான அளவில் இல்லை என்பதைக் கண்டோம். ஐந்து மாதங்களாக அதே மணிகளில் பலகைகளைச் செய்து உள்நாட்டில் விற்றிருக்கிறோம். அவற்றுள் திரும்பப் பெற முடிந்தவற்றைப் பெற்றுக்கொண்டோம். மற்றவை எந்தெந்த வீடுகளில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

அந்தச் சோதனைக்கான கருவி இந்த நகரத்தில், எங்களைப் போன்ற சிறியவர்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடிய ஓர் இடத்தில் இருந்திருந்தால், மணிகள் வந்த அன்றே ஒரு கைப்பிடி மாதிரியை எடுத்துக்கொண்டு பேருந்தில் போயிருப்பேன். சோதனை என்பதை ஏற்றுமதியின் கடைசிப் படியில் நிற்கும் ஒரு காவலாளியைப் போலவே பலரும் எண்ணுகிறார்கள். தொழிலாளியின் மேசைக்கு அருகில் இருந்தால் அதுவே எங்களுக்கு ஆசிரியராகவும் இருக்கும்.

இரண்டாவது தோல்வி அறியாமையால் விளைந்தது. அதற்கு நானே பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விளக்குக் கூடுகளையும் நீட்டிப்புப் பலகைகளையும் அனுப்புவதற்கு, ஓர் இடைத்தரகர் மூலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, பொருள் அங்குள்ள விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் ஒரு "சி.ஈ. சான்றிதழ்" வாங்கினேன். பெயரிட விரும்பாத அந்த நிறுவனம் அழகிய முத்திரையுடன் ஒரு தாளைத் தந்தது. பின்னர்தான் நான் புரிந்துகொண்டேன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/35 என்ற இலக்கமுடைய தாழ் அழுத்த மின்சாதனப் பணிப்புரையின் கீழ் சி.ஈ. குறி என்பது, தேவையான சோதனைகளைச் செய்து, தொழில்நுட்பக் கோப்பைத் தயாரித்து, அதைப் பத்தாண்டுகள் பாதுகாத்து, உற்பத்தியாளரே தமது பொறுப்பில் செய்யும் பிரகடனம். அதை யாரும் விற்க முடியாது. அதைவிட முக்கியமாக, வீட்டுப் பாவனைக்கான செருகிகளும் குதைகளும் அந்தப் பணிப்புரையின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. அவை ஒவ்வொரு நாட்டின் சொந்தச் சட்டத்துக்கும் உட்பட்டவை. பலகையின்மீது நான் பெருமையுடன் அச்சிட்ட குறிக்கு அந்தப் பொருளில் இடமே இருக்கவில்லை. தமிழிலோ சிங்களத்திலோ இதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கம் எனக்குக் கிடைத்திருந்தால், அந்தப் பணத்தில் நான்கு பேருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

விளக்குக் கூடு போன்றவற்றுக்கு நிலைமை சற்று எளிது. ஜெனீவாவில் இயங்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் சி.பி. திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்த ஒரு ஆய்வுகூடத்தில் விளக்குகளுக்கான ஐ.ஈ.சி. 60598 போன்ற நியமத்தின்படி ஒரு முறை சோதித்துப் பெறும் அறிக்கையை, 50 இற்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளின் சான்றிதழ் அமைப்புகள் தத்தம் நாட்டு வேறுபாடுகளுக்கான மேலதிகச் சோதனைகளுடன் ஏற்றுக்கொள்ள முடியும். ஒரே சோதனையை நாட்டுக்கு நாடு திரும்பச் செய்யும் செலவு இதனால் குறைகிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு ஆய்வுகூடம் சேர, ஆய்வுகூடங்களின் தகுதிக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 17025 நியமத்தின் கீழான தராதர அங்கீகாரம் மாத்திரம் போதாது. திட்டத்தின் சக மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து பார்த்து ஒப்ப வேண்டும், பொறுப்பேற்கும் தேசிய சான்றிதழ் அமைப்பு ஒன்றும் இருக்க வேண்டும். 13 அம்பியர் செருகியோ பிரித்தானிய நியமத்துக்கு உரியது. அதற்கு அந்தந்த நாட்டின் ஒப்புதல் அமைப்பு ஏற்கும் அறிக்கையே தேவை. ஒரே உற்பத்திச்சாலையின் இரு பொருட்களுக்கு இரு வேறு பாதைகள் இருப்பதால், இரண்டையும் மனத்தில் வைத்தே வசதி அமைய வேண்டும் என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

இதற்கு வேண்டிய அத்திவாரம் எங்களிடம் இல்லாமல் இல்லை. 1964 இல் தொடங்கப்பட்ட தரக் கட்டளைகள் நிறுவனம் எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தராதர அங்கீகாரச் சபை இருக்கிறது. பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்கின்றன. ஒரு சிறு உற்பத்தியாளன் எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு, எந்த வாசலில் முதலில் நிற்பது என்பதைச் சொல்லி, அவனது மாதிரியை ஒரு வாசலிலிருந்து அடுத்ததற்குக் கைபிடித்துச் செல்லும் ஒருவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். 1979 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் ஏற்றுமதியை வளர்க்கும் பொறுப்பைத் தங்கள் சபையிடமே ஒப்படைத்திருப்பதால், அந்த ஒருவர் தாங்களே என்று நம்பி வருகிறேன்.

தீர்வைச் சலுகைகள் எங்களுக்குக் குறைவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் 2017 இல் மீண்டும் கிடைத்தது. பிரித்தானியாவின் வளர்முக நாடுகள் வர்த்தகத் திட்டம் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் இல்லாத பொருளுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, வெளிநாட்டுச் சோதனைக் கட்டணமும் அதே வேகத்தில் எங்கள் கைக்கு எட்டாமற் போனது. டொலர் ஈட்ட வேண்டுமென்று நாடே ஏங்கிய மாதங்களில், டொலர் இல்லாத காரணத்தால் மீள்சோதனைக்கு மாதிரிகளை அனுப்ப முடியாமல் இருந்தேன்.

ஆகவே, 13 அம்பியர் செருகி, குதை, நீட்டிப்புப் பலகை ஆகியவற்றை முழுமையாகச் சோதிக்கும் வசதியை மேற்சொன்ன நிறுவனங்களுள் பொருத்தமான ஒன்றில் ஏற்படுத்தவும், அதற்கு வெளிநாட்டு ஒப்புதல் அமைப்புகளின் ஏற்பைப் பெறவும், விளக்குகளுக்குச் சி.பி. திட்டத்தின் கீழான வழியைத் திறக்கவும் உரிய அமைச்சுடனும் நிறுவனங்களுடனும் கலந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது ஒரு நாளில் நடப்பதன்று என்பதை அறிவேன். முழு வசதி வரும்வரை, ஒளிர்கம்பிச் சோதனையும், ஐந்து மில்லிமீற்றர் உருக்குக் குண்டைச் சூடான பிளாஸ்ரிக்கில் அழுத்திப் பார்க்கும் சோதனையும், மின்சாரம் கசியாமல் காவலி தடுக்கிறதா என்று அளக்கும் காவலித் தடைச் சோதனையும் மாத்திரமாவது முதலில் கிடைத்தாற்கூட எங்கள் தவறுகளில் பெரும்பகுதி கடல் கடக்கும் முன்பே பிடிபட்டுவிடும். அந்த இடைக்காலத்தில், பல சிறு உற்பத்தியாளர்களின் மாதிரிகளை ஒன்றுசேர்த்து ஒரே அனுப்புகையாக வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவும், கட்டணத்தில் ஒரு பங்கைத் தங்கள் சட்டத்தின் கீழ் அறவிடப்படும் செஸ் வரி வருவாயிலிருந்து ஒதுக்கவும் முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். எந்தச் சந்தைக்கு எந்தக் குறி சட்டப்படி தேவை, எது வெறும் அலங்காரம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கும் கையேடும், தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்லும் ஓர் அலுவலரும் இருந்தால், என்னைப் போல் இன்னொருவர் முத்திரைத் தாளை வாங்கி ஏமாற மாட்டார்.

இலண்டன் வியாபாரி இன்னும் எனக்காகக் காத்திருக்கிறார். மணிகளின் வழங்குநரை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை அறிக்கை கேட்டு வாங்குகிறேன். தேறாத மாதிரியின் அறிக்கையையும், புதிய மணிகளில் செய்த பலகைகள் இரண்டையும் இம்மனுவுடன் இணைத்துள்ளேன். தாங்கள் குறிக்கும் எந்த நாளிலும் நேரில் வந்து, அவற்றைத் தங்கள் அலுவலர்கள் முன் பிரித்துக் காட்டவும், அவர்கள் விரும்பினால் மட்டக்குளியில் எங்கள் வேலைத்தளத்தைப் பார்வையிட ஏற்பாடு செய்யவும் ஆயத்தமாக இருக்கிறேன். சந்திப்புக்கு ஒரு திகதியைத் தந்துதவுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உரிமையாளர்,
மின்சாதன உற்பத்திச்சாலை, மட்டக்குளி.

பிரதி: பணிப்பாளர் நாயகம், இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனம், கொழும்பு 08 – தகவலுக்காக.