பின்னாடி உக்காந்திருக்கவங்க தலையும் தலைதாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் உங்க பத்திரிகைல "என் தலை, என் இஷ்டம்"னு ஒருத்தர் கடிதம் எழுதியிருந்தார், ஹெல்மெட் போடறது சீட் பெல்ட் போடறதெல்லாம் அவங்கவங்க சொந்த விஷயம், இதுல கவர்மெண்ட் எதுக்கு தலையிடுது, ஃபைன் எல்லாம் வசூலுக்குத்தான்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். நான் காரிமங்கலம் பக்கம், வீட்லயே மிஷின் போட்டு பிளவுஸ் தெக்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இருபது வருஷமா பின்னாடி உக்காந்து போறவ. அவர் அவ்ளோ நீளமா எழுதினதுல பின்னாடி உக்கார்றவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்லீங்க.

நாலு வருஷம் முன்னாடி தை மாசம் தருமபுரில சொந்தத்துல ஒரு கல்யாணம். விடியக்காலைல கிளம்பினோம், பட்டுப்புடவை, தலை நிறைய பூ, ஒரு பக்கமா உக்காந்துக்கிட்டேன், மடில பொண்ணுக்கு குடுக்க வாங்கின குத்துவிளக்கு. வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டுக்கிட்டார். இன்னொரு ஹெல்மெட் பீரோ மேல கிடந்துச்சு, எடுத்துக்கட்டுமாங்கன்னு கேட்டேன், "பூ நசுங்கிடும் விடு, போலீஸ் உன்னையா பிடிக்கப் போறான்"னார். சர்வீஸ் ரோட்ல போறப்ப ஒரு நாய் குறுக்க ஓடி வந்துச்சு, பிரேக் பிடிச்சார், அவ்ளோதான். வேகம் நாப்பது கூட இருக்காதுங்க.

அவருக்கு முழங்கைல சிராய்ப்பு. அவர் ஹெல்மெட்டை அப்புறம் எடுத்துப் பாத்தேன், வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்டெல்லாம் உரிஞ்சு தார்ல தேய்ஞ்ச கோடு கோடா இருந்துச்சு, அது அத்தனையும் அவர் நெத்திலயும் காதுலயும் விழ வேண்டியது. எனக்கு பின்மண்டைல பதினாலு தையல், உள்ள ரத்தக்கட்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இடது காது இன்னைக்கும் சரியா கேக்காது. மிஷின் சத்தம் ஒரு பக்கமாத்தான் வரும், ஊசில நூல் கோக்க குனிஞ்சா சில நாள் தலை சுத்தும். ஒரே வண்டி, விழுந்ததும் ஒரே நேரத்துலதான்.

இஷ்டம் இஷ்டம்னு சொல்றாரே, அன்னைக்கு நடந்தது யாரோட இஷ்டம்? வீட்டுக்காரரை குத்தம் சொல்லலீங்க, எங்க ஊர்ப்பக்கம் எல்லா வீட்லயும் இதான் பேச்சு. போலீஸ் ஓட்டறவரைத்தான் பிடிக்கும், அதனால ஓட்டறவருக்குத்தான் ஹெல்மெட். பொண்டாட்டி, அம்மா, பெட்ரோல் டேங்க் மேல உக்கார வெச்ச குழந்தை, இவங்க யார்கிட்டயும் இஷ்டம் என்னன்னு யாரும் கேக்கறதில்ல.

ஆனா சட்டம் கேட்டிருக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 129வது பிரிவுல ஓட்டறவங்களும் பின்னாடி உக்கார்றவங்களும் ரெண்டு பேருமே போடணும்னுதான் இருக்கு, 2019 திருத்தத்துல நாலு வயசுக்கு மேல இருக்க எல்லாருக்கும்னு தெளிவாவே போட்டுட்டாங்க. நம்ம ஹைகோர்ட் உத்தரவால 2015 ஜூலை 1ல இருந்து ரெண்டு பேருக்கும் கட்டாயம்னு வந்தப்ப ஹெல்மெட் கடை வாசல்ல நின்ன கூட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 அக்டோபர்ல ஃபைன் நூறுல இருந்து ஆயிரம் ஆச்சு. டெல்லில எல்லாம் 2014 வரைக்கும் பொம்பளைங்க ஹெல்மெட் போட வேண்டியதில்லைன்னே விட்டு வெச்சிருந்தாங்க, அதுக்கப்புறம்தான் சீக்கியப் பெண்கள் தவிர மத்தவங்களுக்கு கட்டாயம்னு மாத்தினாங்க. இத்தனை வருஷம் அவங்க தலை யார் கண்ணுக்கும் படல.

மத்திய அரசு குடுத்த 2022 வருஷக் கணக்கைப் பாருங்க, ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்து போனவங்க. கார்லயும் இதே கதைதான். அதே வருஷம் செப்டம்பர்ல பால்கர் பக்கம் கார் விபத்துல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தாரே, முன் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தாங்க, அடிபட்டும் பொழச்சுக்கிட்டாங்க, பின் சீட்ல பெல்ட் போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவ்ளோ பெரிய காரு.

அப்புறம் ரோட்ல யாருக்கும் எந்தக் கட்டாயமும் கூடாதுன்னு ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு தொப்பூர் கணவாய் மலை ரோடு இருக்க நம்ம தருமபுரி ஜில்லாக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. டீசல் மிச்சம் பண்ண இறக்கத்துல லாரிய நியூட்ரல்ல விடறவரும் என் வண்டி என் டீசல்னுதான் நினைக்கிறார், இன்ஜின் பிடிப்பு இல்லாம வெறும் பிரேக்கையே மிதிச்சு மிதிச்சு அது சூடேறி கடைசில பிடிக்காமப் போயிடுது. 2020 டிசம்பர்ல அங்க டிராபிக்ல வரிசையா நின்ன வண்டிங்க மேல லாரி மோதி நாலு பேர் செத்தாங்க. நின்னுட்டிருந்தவங்க என்னங்க தப்பு பண்ணாங்க?

போன வாரம் கடிதம் எழுதினவர் சொன்னதுல நியாயமும் இருக்கு, இல்லேங்கல. போலீஸ் திருப்பத்துல மறைஞ்சு நின்னு திடீர்னு குறுக்க பாயறது, ஓடற வண்டில சாவியப் பிடுங்கறது, இதெல்லாம் தப்பு, அதுலயே ஆள் விழுந்துடுவான். சித்திரை வெயில்ல ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து ஊத்தறதும் நிஜம். பொம்பளைங்களுக்கு கொண்டை வேற இடிக்கும். நான் இப்ப பின்னலை கீழ இறக்கி கட்டிக்கிறேன், பூவை வாழை இலைல சுத்தி பைல போட்டுக்கிட்டு மண்டபத்து வாசல்ல இறங்கினதும் வெச்சுக்கிறேன், ரெண்டு நிமிஷம் ஆகுது. ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க, தாடைக்குக் கீழ கொக்கிய கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் மாட்டுங்க, மாட்டலைன்னா விழுந்ததும் ஹெல்மெட் முதல்ல தனியா உருண்டு போயிடும்.

போன மாசம் ஒரு இடத்துல செக்கிங். எங்களுக்கு முன்னாடி ஒரு வண்டி, அப்பா ஹெல்மெட் போட்டிருந்தார், நடுவுல ஏழெட்டு வயசுப் பையன், கடைசில அம்மா கைக்குழந்தைய முந்தானைல மூடிப் பிடிச்சுக்கிட்டு. மூணும் வெறும் தலை. போலீஸ்காரர் அப்பாவைப் பாத்தார், போங்கன்னு கை காட்டிட்டார். அந்தப் புள்ள மூஞ்சி எனக்கு ராத்திரி வரைக்கும் கண்ணுலயே நின்னுச்சு. ஐயா, செக்கிங்ல நிக்கிறவங்க ஆயிரம் ரூபா ஃபைன் கூட போட வேணாம், அந்த வண்டிய ஓரங்கட்டி, "அம்மா உங்க ஹெல்மெட் எங்க, பையனோடது எங்க"ன்னு அந்தம்மாவையே பாத்து ஒரு வார்த்தை கேளுங்க, நம்ம ஜில்லா பூரா கேளுங்க. எங்க வீட்ல அன்னைக்கு "போலீஸ் உன்னையா பிடிக்கப் போறான்"ங்கற அந்த ஒரு பேச்சுலதான் என் ஹெல்மெட் பீரோ மேலயே நின்னுடுச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்