சளியை இளக்கும் மருந்துக்குப் பதிலாக இருமலை அடக்கும் பாணி அனுப்பப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு – 06.

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியால் நெடுங்காலமாக அவதியுறும் என் தந்தையாருக்கு (வயது 74) மார்புநோய் வைத்தியர் நாளுக்கு ஒன்றாக எழுதிக்கொடுத்த அசிற்றைல்சிஸ்ரீன் 600 மில்லிகிராம் கரையும் வில்லைகளை, ஏழு மாதங்களாகத் தங்கள் பாமசியிலிருந்தே வீட்டுக்கு வரவழைத்து வருகிறோம். இம்மாதம் 12ஆம் திகதி வந்த பொதியில் வில்லைகள் இல்லை. டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் கலந்த இருமல் பாணிப் போத்தல் ஒன்று இருந்தது. பற்றுச்சீட்டின் ஓரத்தில், "கையிருப்பு இல்லை, இதுவும் இருமலுக்குத்தான்" என்று பேனையால் எழுதப்பட்டிருந்தது.

என் முறைப்பாடு அந்தக் குறிப்பைப் பற்றியதே. இந்நோயில் சளி அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதோடு, அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் பழுதடைந்துவிடுவதால், நெஞ்சைத் துப்புரவாக்க நோயாளிக்கு எஞ்சியிருப்பது இருமல்தான். வைத்தியர் எழுதிய மருந்து சளியின் இழைகளைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுத்து, அதை இளக்கி வெளியேறச் செய்வது. தாங்கள் அனுப்பியதோ மூளையின் இருமல் மையத்தை அடக்குவது. ஒன்றுக்கொன்று நேர்மாறானவை எப்படி ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும்?

தங்களை நம்பி அம்மா இரண்டு இரவுகள் அந்தப் பாணியைக் கொடுத்துவிட்டார். வழமையாகக் காலையில் சுடுதண்ணீர் குடித்து, நாலைந்து தடவை காறித் துப்பிவிட்டுப் பத்திரிகையை எடுக்கும் அப்பா, மூன்றாம் நாள் கட்டிலில் தலையணையை அணைத்தபடி முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் கறகறவென்றது. அவசர சிகிச்சைப் பிரிவில் நெபுலைசர் வைத்த பின்னரே சளி அசைந்தது. பாணிதான் காரணம் என்று வைத்தியர் எழுதித் தரவில்லை. ஆனால் போத்தலைக் கண்டதும் அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

முன்பொரு தடவை வில்லையில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கிறது என்று நான் முறையிட்டபோது, அது கந்தகத்தின் இயல்பான வாடை என்று தங்கள் மருந்தாளர் பொறுமையாக விளக்கினார். அறியாமை அன்று என்னுடையது. அவ்வளவு தெரிந்தவர் இந்தப் பொதியைப் பார்த்தாரா என்பதே என் சந்தேகம்.

இம்மருந்து நோயை மாற்றாது, நோய் முற்றும் தடவைகளை ஓரளவு குறைக்கும் என்பதை நாம் அறிவோம். சில நாட்கள் தவறினால் குடி மூழ்கிவிடாது. "இல்லை" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு பாமசியில் வாங்கியிருப்போம், அல்லது சளியை இளக்கும் மற்றொரு மருந்தான கார்போசிஸ்ரீன் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டிருப்போம். இதைத் தங்கள் வாடிக்கையாளர் சேவையிடம் சொன்னபோது, திறந்த போத்தலுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்பதே பதிலாக வந்தது.

வைத்தியரின் அனுமதியின்றி மருந்தை மாற்றியவர் யார் என்பதற்கு 14 நாட்களுக்குள் எழுத்துமூல விளக்கமும், செலுத்திய பணமும், இனி மருந்தாளர் எம்மை அழைத்துக் கேளாமல் எதையும் மாற்றி அனுப்புவதில்லை என்ற உறுதியும் வேண்டும். தவறினால், இம்முறைப்பாடு தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் அனுப்பப்படும்.

இங்ஙனம்,
நோயாளியின் மகள்

இணைப்பு: மருந்துச் சீட்டின் பிரதி, பற்றுச்சீட்டு, போத்தலின் ஒளிப்படம்