செயலாளரின் ஆண்டறிக்கை: வட்டாரக் காற்றுத் தரக் கண்காணிப்பு வலையமைப்புப் பணி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட்டாரக் கண்காணிப்பு வலையமைப்பின் வரைவுத் திட்டத்தைப் படித்து, எழுத்துமூலம் கருத்துச் சொல்வதே இந்த ஆண்டு சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. நிலையம் ஒன்றை நிறுவிய பிறகு இடம் மாற்றினால் மின் இணைப்பு, நில ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். பல ஆண்டுத் தரவுத் தொடரும் அறுந்துவிடும். அதனால் வரைவு நிலையிலேயே பேசியாக வேண்டும்.

வரைவில் நிலையங்களின் பட்டியல் இருந்தது. எந்த நிலையம் எதற்காக என்பது இல்லை. நம் முதல் கோரிக்கை அதுதான். சாலையோரம், குடியிருப்பு, தொழிற்சாலையின் காற்றுப் போக்குத் திசை, ஊருக்கு வெளியே பின்னணி அளவு என ஒவ்வொன்றின் நோக்கத்தையும் எழுத வேண்டும். நோக்கம் தெரியாமல் கருவி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசோன் நல்ல எடுத்துக்காட்டு. வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். எனவே நெரிசலான சந்திப்பில் ஓசோன் குறைவாகத்தான் காட்டும். உச்ச அளவு காற்று வீசும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளி உருவாகும். நைட்ரஜன் டை ஆக்சைடு நேர்மாறு: சாலையை விட்டு முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே சந்திப்பில் அளந்துவிட்டு வட்டாரத்தின் நிலை இதுதான் என்று சொல்ல முடியாது.

இடத் தேர்வில் அளவுகோல்களை எண்ணாகவே கேட்டிருக்கிறோம். குடியிருப்பு நிலையங்களில் உறிஞ்சு முனை, அதாவது கருவி காற்றை இழுக்கும் வாய், தரையிலிருந்து 2 முதல் 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுற்றிலும் 270 பாகைக்காவது காற்று தடையின்றி வர வேண்டும். அருகில் உள்ள கட்டடம் முனையைவிட எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரமாவது விலகி நிற்க வேண்டும். மரக் கிளையின் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மீட்டர் இடைவெளி தேவை; இலைகள் துகளையும் ஓசோனையும் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடி வசதியான இடம்தான். ஆனால் அதே மாடியில் ஜெனரேட்டர் புகைக்குழாயோ சமையலறைப் புகைபோக்கியோ இருந்தால், அளப்பது அந்தக் கட்டடத்தின் காற்றை மட்டுமே. ஒவ்வொரு இடத்துக்கும் எட்டுத் திசைப் படங்களை இணைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

விலை குறைந்த சென்சார்களால் இடைவெளிகளை நிரப்பும் யோசனையை வரவேற்றோம், நிபந்தனைகளோடு. இவை துகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை எண்ணி, அதிலிருந்து எடையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். சென்சார் அதையும் மாசாகவே காட்டும். பனிமூட்டக் காலையில் வரும் திடீர் உயர்வுகளில் பல இப்படி வருபவை. பி.எம்.10, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களின் அளவை இவற்றிடம் கேட்கவே கூடாது. கனமான தூசியை இவை சரியாகப் பார்ப்பதில்லை. ஆகவே குறைந்தது மூன்று சென்சார்களை, ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளும் துல்லியமான தரநிலைக் கருவிக்குப் பக்கத்திலேயே 30 நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறொரு பருவத்தில் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். திருத்தச் சமன்பாட்டில் ஈரப்பதமும் சேர வேண்டும். சிலந்திக் கூடும் விசிறித் தூசியும் சில மாதங்களில் அளவைக் கெடுத்துவிடும் என்பதால், சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்றும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பகுதி வரைவில் மிக மெலிந்திருந்தது. நம் பார்வையில் இதுதான் பெரிய ஆபத்து. காற்று ஓட்ட அளவுச் சரிபார்ப்பு, வாயுக் கருவிகளுக்குச் சுழிய மற்றும் உச்சப் புள்ளிச் சோதனை (மாசற்ற காற்றையும் அளவு தெரிந்த வாயுவையும் செலுத்திச் சரிபார்ப்பது), வடிகட்டி மாற்றுதல், அறையின் குளிர்சாதனம், உதிரிபாக இருப்பு ஆகியவற்றுக்கு ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் கருவி நின்றபடியே இருக்கும், தரவு வராது. ஒரு நாளின் சராசரிக்கு 24-இல் 18 மணி நேரமாவது தரவு வேண்டும், அதாவது 75 விழுக்காடு. அதுவும் போதாது, இடைவெளி எந்த நேரத்தில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். பிற்பகல் மின்தடையில் கருவி நின்றால், ஓசோன் உச்சம் பதிவாகாமலே அந்த நாள் நல்ல நாளாகிவிடும்.

தரவு வெளியீட்டில், பல மாசுகளின் நிலையை ஒரே எண்ணில் சொல்லும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணோடு மணிநேர மூல அளவுகளையும் பழுதுக் குறிப்புகளையும் தரக் கேட்டோம். குறியீடு பல இடங்களில் மிக மோசமான ஒரே மாசை மட்டும் காட்டுகிறது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் பி.எம்.2.5-இன் (2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்துகள்) ஆண்டு வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 10-இலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதோடு ஒப்பிட ஆண்டு முழுதும் தொடரும் அளவுகள் தேவை.

கருத்துக் கேட்பு ஒருமுறையோடு முடியக் கூடாது என்றும் எழுதினோம். அமெரிக்க விதிகளில் வலையமைப்புத் திட்டம் ஆண்டுதோறும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு மதிப்பீடும் நடக்கிறது. அதே ஏற்பாட்டை இங்கும் கேட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டில் இறுதித் திட்டத்தை நம் கோரிக்கைகளோடு வரிவரியாக ஒப்பிடவும், முன்மொழியப்பட்ட இடங்களை அளவுநாடாவோடு நேரில் பார்க்கவும் செயற்குழு முடிவு செய்துள்ளது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் இன்றே பெயர் தரலாம். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்