யாரும் கூப்பிடாத எட்டு மணி நேரம்

சாங்கி விமான நிலையம்,
சிங்கப்பூர்.

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. போட்டால் பொங்கலும் முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகுதான் உன் கைக்குக் கிடைக்கும். லால்குடி வந்ததும் நானே தருகிறேன். அடுப்படியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசி.

மெல்போர்னில் காலையில் ஏறினேன், சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம். ஜன்னல் சீட், பக்கத்து சீட் காலி. அவருக்கு லீவு கிடைக்காததால் அவரும் பிள்ளைகளும் போகிக்கு முந்தின நாள்தான் வருகிறார்கள். "பாவம், ஒத்தையில வர்றியே" என்று அம்மா போனில் வருத்தப்பட்டாள். நானும் உச்சுக் கொட்டிவைத்தேன். ஆனால் டிக்கெட்டில் என் பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்ததிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வெளிநாட்டில் நாலு சுவருக்குள் தனியாகக் கிடக்கிறேன் என்றுதானே எல்லோரும் நினைக்கிறீர்கள்? அங்கே எனக்குத் தனிமை எங்கே கிடைக்கிறது! காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் நடையில் மணி அடித்து, கதவுக்கு மேலே விளக்கு எரியும். ஒன்றை அணைப்பதற்குள் இன்னொன்று. கடைசி அறைப் பாட்டி தண்ணீருக்கும் அழுத்துவார், ஜன்னல் திரையை இழுத்துவிடவும் அழுத்துவார், சும்மா நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் அழுத்துவார். மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசல். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், நடுவில் யார் பிள்ளைக்காவது பிறந்தநாள். ராத்திரி பத்தரைக்குக் கட்டையைச் சாய்க்கலாம் என்றால் உங்களுக்கு அது அஞ்சு மணி காபி நேரம், வீடியோ கால் வந்துவிடும். கோபித்துக்கொள்ளாதே, அது வராவிட்டாலும் தூக்கம் வராது.

விமானத்தில் என் தலைக்கு மேலேயும் அப்படி ஒரு பொத்தான் இருந்தது. நான் தொடவே இல்லை. சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மற்றவர்களுக்கு முன்பே சாப்பாடு வந்துவிட்டது. சோறு, காலிஃப்ளவர் கறி, கொஞ்சம் பழம். ருசி சுமார்தான். ஆனால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன் அக்கா! யாருக்கும் ஊட்டாமல், நடுவில் எழுந்துபோய் தோசையைத் திருப்பிப் போடாமல்.

கீழே முழுக்கச் செம்மண். ஊர் இல்லை, எப்போதாவது கோடு கிழித்தாற்போல் ஒரு ரோடு, அப்புறம் வெள்ளை வெளேரென்று காய்ந்த உப்பு ஏரிகள். ஏறக்குறைய நாலு மணி நேரம் பறந்தும் அதே நாடுதான். இவ்வளவு இடத்தையும் விட்டுவிட்டுக் கரையோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறோம். எங்கள் டாண்டினாங் பக்கம் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதே ஒரு வேலை. படம் எதுவும் போடவில்லை. பெரியவன் படிப்பு, வீட்டுக் கடன் என்று வழக்கமாக வருகிற யோசனைகள்கூட வரவில்லை. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன், விழித்தபோது கீழே கடல்.

இனி சொல்லப்போவதை உன்னோடு வைத்துக்கொள். திருச்சி விமானத்துக்கு இங்கே ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் மாறுகிற டிக்கெட்டும் இருந்தது, நான்தான் வேண்டுமென்றே இதை எடுத்தேன். சிங்கப்பூர் அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் உட்லண்ட்ஸிலிருந்து குடும்பத்தோடு பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பார். தங்கமான மனுஷன், அதுதான் சிக்கலே. கேட்டால், ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்தாளாம் என்று சொல்லிவிடு.

மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது, உள்ளேயே சின்னதாக ஓர் அருவியும். போன தடவை சின்னவன் எங்கே ஓடுகிறான் என்று பார்த்ததோடு சரி. இன்று ஒரு பூச்சி அன்னாசித் துண்டில் உட்கார்ந்து சுருட்டிவைத்த உறிஞ்சுகுழலை மெதுவாக நீட்டுவதை நின்று பார்த்தேன். காலைப் பிசைந்துவிடும் இயந்திரம் இலவசமாக வைத்திருக்கிறார்கள். எழுந்து போனவள் மறுபடியும் வந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கோடாலித் தைலம் வாங்கியாயிற்று.

ராத்திரி இறங்கி, கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் பத்துப் போன் வரும். வீட்டில் குளியலறைக்கு வரிசை, பாய்க்குச் சண்டை. அதுவும் வேண்டும் எனக்கு, அதற்காகத்தானே வருகிறேன்.

உனக்கு இப்படி ஒரு பொழுது கடைசியாக எப்போது கிடைத்தது? திருச்சிக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்வந்தாயே, அதோடு சரி என்று நினைக்கிறேன். அப்புறம் மாமியார், பிள்ளைகள், இப்போது அம்மாவின் முட்டிவலி. பொங்கல் கழிந்ததும் ரெண்டு வீட்டையும் ரெண்டு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எங்கேயாவது போய்விட்டு வா, தனியாக. தரங்கம்பாடி கடற்கரைக்குப் போகிறாயா? மாமாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். ரெண்டு நாளா பல் பிடுங்குகிறார்கள் என்று அவர் கேட்டால் அதை நான் சமாளிக்கிறேன். நீ இடத்தை மட்டும் முடிவு பண்ணு, டிக்கெட் நான் போடுகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை