பையோடு வரும் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் பையிலேயே போட்டுவிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை இராத்திரி பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறார். பண்டாரவளையில் ஏறினால் விடியும்போது வந்துவிடுவார்.

பையில், பாலில் கடைந்து குடிக்க, பட்டர் புரூட் ஏழு இருக்கிறது. எண்ணிப் பார். உன் கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆனைக்கொய்யா என்று கேட்டாளே, அது இதுதான். சிங்களத்தில் அலிகெட்ட பேர. அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா; அதைக் கேட்டுத்தான் ஆனைக்கொய்யா ஆக்கினார்களோ என்னவோ. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மலைத்தண்ணி வந்து விழுகிற நம் பீலிக்கரை மரத்துப் பழம். அந்த மரத்தை யாரும் நடவில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணி ஓடுகிற இடத்தில் கிடந்த கொட்டை தானாக முளைத்தது. ஒன்பது வருஷம் இலையைத் தவிர ஒன்றும் தரவில்லை, அப்பா இரண்டு தடவை கோடாலியைத் தீட்டினார். கொட்டையில் முளைத்த மரம் அப்படித்தான், தன் இஷ்டத்துக்குக் காய்க்கும். போன வருஷம் காய் சின்னதாக இருக்கும்போதே வியாபாரி வந்து மரத்தோடு விலை பேசினார். கூரைத் தகரத்துக்குக் காசு வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டோம். நீ லீவில் வந்தபோது மரத்தில் ஒரு காய் இல்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை, மேலே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். இந்த வருஷம் பீலிப் பக்கத்துக் கொப்பை விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்தார். குறைத்தால் குறைக்கட்டும்.

எல்லாம் கல் மாதிரி இருக்கும், பயப்படாதே. இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். பேப்பரில் சுற்றி அரிசி வாளிக்குள் வை, பக்கத்தில் ஒரு வாழைப்பழம் போட்டால் இன்னும் சீக்கிரம். காயாக இருக்கும்போது மட்டும் பிரிட்ஜில் வைத்துவிடாதே, அப்புறம் சரியாகவே பழுக்காது. நாலைந்து நாளில் காம்புப் பக்கத்தை மெதுவாக அழுத்திப் பார், விரலுக்கு இடம் கொடுக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டால் அப்போது பிரிட்ஜில் வைக்கலாம்.

போன வாரம் கடையில் பட்டர் புரூட் ஜூஸ் என்று பச்சைக் கலர் தண்ணியைக் குடித்துவிட்டு இனிப்பைத் தவிர ஒன்றும் இல்லை என்றாயே, அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும் என்று வருஷா வருஷம் டீவியில் சொல்கிறார்கள். இங்கே பகலில் என்னதான் எரித்தாலும் இராத்திரிக்குக் கம்பளி வேண்டும். கொழும்பில் இராத்திரியும் புழுங்குமே.

பட்டர் புரூட் பால் செய்வது இப்படி. பாலை முதல் நாளே காய்ச்சி ஆறவைத்து, பிரிட்ஜில் வை. பால்மா என்றால் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணியில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் குளிரவை. ஐஸ் கட்டி போடாதே, கரைந்து தண்ணியாகிவிடும். பழமும் பாலும் குளிர்ந்திருந்தால் போதும். ஒரு பழத்தை இரண்டாகப் பிளந்து சதையைக் கரண்டியால் வழித்தெடு. உடனே அரைத் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மசி. தேசிக்காயைப் பாலில் பிழியாதே, திரைந்துவிடும். பழத்தில்தான் பிழியவேண்டும். காற்றுப் பட்டால் கறுக்கிற பழம் இது, புளிப்பு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கொட்டையை உள்ளே போட்டுவைத்தால் கறுக்காது என்று உன் அத்தை சத்தியம் பண்ணுவார். கொட்டை தொடுகிற இடம் மட்டும்தான் கறுக்காது, நான் பார்த்துவிட்டேன்.

நம் மரத்துப் பழத்தில் கொஞ்சம் நார் உண்டு, அதனால் மசித்ததைத் தேயிலை வடியில் தேய்த்து எடு. புது வடியாக இருக்கட்டும், தேத்தண்ணி வாசம் வரும். அதில் முதலில் அரைக் கிளாஸ் பாலை ஊற்றிக் கடை, கூழானதும் மிச்சம் ஒன்றரைக் கிளாஸை ஊற்று. மொத்தப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் பழம் கட்டி கட்டியாக மிதக்கும். இனிப்புக்கு டின்பால் இரண்டு மேசைக்கரண்டி. கித்துள் பனைப் பாணி விட்டால் ருசி ஒரு படி மேலே, நிறம்தான் மாடு இறங்கிய குட்டை மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குடி. அப்பாவுக்கு நான் இனிப்பே போடுவதில்லை, உப்பும் தேசிக்காயும்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாவது கிளாஸ் கேட்கிறார்.

அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதே. ஒருமுறை பாயாசம் மாதிரி வரும் என்று கிண்டிப் பார்த்தேன், வேப்பெண்ணெயாகக் கசந்தது. நாய் கூடத் தொடவில்லை.

மலையில் வெயிலே இல்லை என்று கொழும்பில் யாராவது சொன்னால் ஒரு பங்குனியில் கூடையைக் கட்டிக்கொண்டு நம் மேல்மலையில் நிற்கச் சொல். அந்த மாசத்தில் தேயிலைக் கொழுந்தும் இருக்காது, முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழுகிற அளவுக்கு நிறுவையும் வராது, தலைத்துண்டு நனைந்து காய்ந்து உப்புப் பூத்துவிடும். அப்போது நம்மிடம் பிரிட்ஜ் ஏது? காலையிலேயே பால் போத்தலை மூடி இறுக்கி, பீலிக்குக் கீழே கல் அடை கொடுத்து வைத்துவிட்டுப் போவேன். பகல் நிறுவை முடிந்து வந்து எடுத்தால் போத்தல் விரலைக் கடிக்கும். ஒருநாள் தண்ணி கூடி போத்தலை இழுத்துப் போய்விட்டது. நீ கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் ஓடி, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சியிடமிருந்து வாங்கி வந்தாய். பாதிப் பால்தான் இருந்தது. ஆச்சி குடித்தாரா, நீ குடித்தாயா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீ தங்கியிருக்கிற போடிங் வீட்டு அக்கா பிளெண்டரைத் தொட விடமாட்டார் என்றாய். அதனால் பையின் அடியில் பழைய சாரத் துண்டில் சுற்றி மத்து வைத்திருக்கிறேன். கம்பி கட்டியிருப்பது, நீ பல்லால் வழித்து வழித்து நக்கி உடைத்த இடம். கடைந்ததும் உடனே கழுவு, காய்ந்தால் கம்பிக்குள் பிடித்துக்கொள்ளும். மிச்சம் வைக்காதே, அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே குடி.

சித்திரைக்கு வரும்போது மத்தைக் கொண்டு வா. வீட்டில் வேறு மத்து இல்லை.

அன்புடன்,
அம்மா