‘டிராக்’ முறையைத் தனியாகச் சோதித்த பிறகே படகைக் கையேற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படகின் சுக்கானைத் தானாகத் திருப்பி ஓட்டும் ஆட்டோபைலட் கருவியைப் பொருத்தியதும் படகு நேராக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்ததாகக் கையொப்பமிடும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அது போதாது. அங்கே சோதிக்கப்படுவது ‘ஆட்டோ’ முறை; திசைகாட்டியைப் பார்த்து ஓடுவது. ‘டிராக்’ முறையில், வரைபடத்தில் படகின் இடத்தையும் பாதையையும் காட்டும் ஜிபிஎஸ் பிளாட்டர் அனுப்பும் தகவலுக்கேற்பச் சுக்கான் திரும்புகிறது. அதைச் சோதிக்காமல் யாரும் இரவில் லங்காவிக்குப் புறப்பட வேண்டாம்.

பாதி வேலையைக் கரையில் கட்டியிருக்கும்போதே முடிக்கலாம். சுக்கானை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, திரையில் காட்டும் கோணமும் அதே பக்கம் போகிறதா என்று பாருங்கள். பிறகு பிளாட்டரில் ஒரு புள்ளிக்கு ‘கோ டு’ (அந்தப் புள்ளிக்குப் போ என்ற கட்டளை) கொடுங்கள். புள்ளியின் திசை, தூரம், பாதையிலிருந்து விலகல் மூன்றும் ஆட்டோபைலட் திரையிலும் அப்படியே வர வேண்டும். வெறும் கோடுகள் வந்தால் தகவல் சேரவில்லை. படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் முறைகளில் பழையதான என்எம்இஏ 0183 இணைப்பில் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். தகவல் செல்லும் வேகம் நொடிக்கு 4800 பிட் என்று அமைக்கப்படாதிருக்கலாம். ஆட்டோபைலட்டுக்கான ஏபிபி, பாதை விலகலைச் சொல்லும் எக்ஸ்டிஇ ஆகிய தகவல்களை அனுப்பும்படி பிளாட்டரை அமைக்காமல் விட்டிருக்கலாம். புதிய முறையான என்எம்இஏ 2000 என்றால் மின்சாரத்தை நிறுத்தி, இரு தகவல் ஒயர்களுக்கிடையே மீட்டர் வையுங்கள். சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (கேபிளின் இரு முனைகளிலும் மாட்ட வேண்டிய மின்தடை) இல்லை.

ஒரு கருவி உண்மை வடக்கிலும் மற்றது காந்த வடக்கிலும் அமைந்திருந்தால், பினாங்கில் அது கண்ணுக்கே தெரியாது. இங்கே இரண்டுக்கும் வித்தியாசம் 1 பாகைக்கும் குறைவு. எண்கள் ஒத்துப்போகின்றன என்று விட்டுவிடாமல், இரண்டின் செட்டிங்கையும் திறந்து பாருங்கள்.

கடல் சோதனைக்குப் பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பாதை ஆகாது. ஃபெரியும் கப்பல்களும் ஓடும் இடம் அது. தீவின் வடகரைக்கு அப்பால், பத்து பெரிங்கியின் விளையாட்டுப் படகுகளுக்கு எட்டாமல், வலைகள் இல்லாத திறந்த நீருக்குப் போங்கள். கடல் அமைதியான காலையில் முதலில் திசைகாட்டியைச் சரிசெய்ய வட்டமடியுங்கள்; ஒரு வட்டத்துக்கு 2 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. திரையில் திசைகாட்டியின் பிழை பெரிதாக வந்தால் அதன் சென்சாருக்கு அருகில் ஸ்பீக்கரோ இரும்போ இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி 1 கடல் மைல் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். 5 நாட் வேகத்தில் 12 நிமிடம் கிடைக்கும். படகின் முகத்தைப் புள்ளி நோக்கித் திருப்பி, ‘ஆட்டோ’ போட்டு, அதன் பிறகே ‘டிராக்’ அழுத்துங்கள். சுக்கானை மீண்டும் நம் கைக்குத் தரும் ‘ஸ்டாண்ட்பை’ பொத்தான் மேலேயே விரல் இருக்கட்டும். படகு கோட்டில் அமர்ந்ததும் கையால் ஓட்டி, கோட்டுக்கு வலப்புறம் 0.05 கடல் மைல், ஏறக்குறைய 90 மீட்டர், விலகிப் போய் மறுபடி ‘டிராக்’ கொடுங்கள். படகு இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வர வேண்டும். இடப்புறமிருந்தும் இதையே செய்யுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். இடையில் ‘கோ டு’வை மீண்டும் அழுத்தாதீர்கள்; நிற்கும் இடத்திலிருந்து புதுக்கோடு விழுந்து, விலகல் பூஜ்யமாகிவிடும்.

கோட்டின் இருபுறமும் படகு வளைந்து வளைந்து ஓடினால் ‘ஆட்டோ’வுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கும் வளைந்தால் சுக்கான் அமைப்பில் கோளாறு. ‘ஆட்டோ’வில் நேராக ஓடி ‘டிராக்’கில் மட்டும் வளைந்தால், பிளாட்டர் தரும் தகவலையோ கோட்டுக்குத் திரும்ப எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற பாதைத் திருத்த அளவையோ பார்க்க வேண்டும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது படகின் முகம் புள்ளியை நோக்காமல் சற்றுச் சாய்ந்திருக்கும், அது கோளாறல்ல.

இரண்டு புள்ளிகளை 90 பாகை வளைவில் வைத்து, முதல் புள்ளியில் கருவி தானாகத் திரும்புகிறதா, ஒலியெழுப்பிப் பொத்தானை அழுத்தக் காத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக, ‘டிராக்’ ஓடும்போதே பிளாட்டரை அணையுங்கள். எச்சரிக்கை ஒலிக்க வேண்டும், படகு அதே திசையில் போக வேண்டும். சத்தமில்லாமல் திரும்பினால் அந்த இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சோதனைகளின் முடிவைப் பொருத்துநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாக்கிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
படகு மின்கருவி பொருத்துநர்,
பட்டர்வொர்த்